டெல்லியில் பழுப்பு முதுகு, பெங்களூருவில் கறுப்பு முதுகு: ஒரே கருஞ்சிட்டு ஊருக்கு ஊர் மாறுவது ஏன்?

ஞாயிற்றுக்கிழமை காலை, ஹெசரகட்டா புல்வெளிப் பக்கம் பைக்கில் போயிருக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். பாறை மேல் சின்னதாக ஒரு கறுப்புப் பறவை, வாலைச் செங்குத்தாகத் தூக்கிக்கொண்டு நிற்கிறது. போனில் ஜூம் செய்து நாலு படம் எடுக்கிறீர்கள். செயலியில் போட்டால் 'இந்தியன் ராபின்' என்று வருகிறது. ஆபீஸ் குரூப்பில் பகிர்ந்த ஐந்தாவது நிமிடம், டெல்லியில் இருக்கும் சக ஊழியர் ஒருவர் கேட்கிறார்: "எங்க ஊர் ராபினுக்கு முதுகு பிரவுன் ஆச்சே?" கூடவே தன் வீட்டுப் பக்கம் எடுத்த படத்தையும் போடுகிறார். அதே வால், அதே நிற்கும் தோரணை, தோளில் அதே வெள்ளைத் தீற்று. ஆனால் உச்சந்தலை முதல் முதுகு வரை பழுப்பு.

யார் படம் தப்பு? ரெண்டுமே தப்பில்லை.

தமிழில் கருஞ்சிட்டு எனப்படும் இந்தப் பறவை இந்தியா, பாகிஸ்தான், நேபாளம், வங்கதேசம், இலங்கை என்று தெற்காசியா முழுக்கப் பரவியிருக்கும் ஒரே இனம். ஆணின் முதுகு வடக்கே பழுப்பு, தெற்கே கறுப்பு. நடுவில் இரண்டும் கலந்த நிறம். இது ஏதோ பறவை ஆர்வலர்களின் பொழுதுபோக்குத் தகவல் இல்லை. ஓர் இனம் எங்கே முடிகிறது, இன்னொன்று எங்கே தொடங்குகிறது என்று யார் முடிவு செய்வது, அந்த முடிவு எதையெல்லாம் மறைத்துவிடும் என்ற பெரிய கேள்விக்கு இந்தச் சின்ன முதுகு நல்ல உதாரணம். ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், ஆள் யாரென்று தெரிந்துகொள்வோம்

கருஞ்சிட்டு வீட்டுக் குருவியைவிடச் சற்றுப் பெரியது. தரையிலும் பாறையிலும் சுவரிலும் தத்தித் தத்திப் பூச்சி பிடிக்கும். அடிக்கடி வாலை முதுகுப் பக்கம் தூக்கும். அப்போதுதான் அதன் முக்கியமான அடையாளம் தெரியும்: வாலுக்கு அடியில் செங்கல் நிறத் திட்டு. 'ராபின்' என்ற பெயர் ஆங்கிலேயர் தங்கள் ஊர் நினைவில் வைத்தது. அவர்கள் ஊர் ராபினுக்குச் சிவப்பு நெஞ்சில். நம்முடையதற்கு வாலுக்கு அடியில்!

தெற்கத்தி ஆண் உடல் முழுக்கக் கறுப்பு, வெயில் பட்டால் நீலம் கலந்த பளபளப்பு. தோளில் ஒரு வெள்ளைத் தீற்று. இறக்கையை மடித்து உட்கார்ந்திருக்கும்போது ஒரு கோடாகத் தெரியும், பறக்கும்போது நன்றாகப் பளிச்சிடும். பெண் சாம்பல் கலந்த பழுப்பு. அதற்கு அந்த வெள்ளைத் தீற்று கிடையாது, ஆனால் வாலடிச் செந்திட்டு உண்டு.

பெங்களூருவில் இதோடு குழப்பிக்கொள்ளும் பறவைகள் இரண்டு:

• குண்டுகரிச்சான்: லால்பாக், கப்பன் பார்க், உங்கள் அபார்ட்மென்ட் தோட்டம் என எங்கும் விடியற்காலையில் பாடுவது பெரும்பாலும் இதுதான். ஆணுக்கு மேல்பாகம் கறுப்பு, வயிறு பளிச்சென்ற வெள்ளை. வாலடியில் சிவப்பு கிடையாது.

• புதர்ச்சிட்டு: ஆண் கறுப்பு, ஆனால் வாலின் அடிமுதுகில் வெள்ளை. பெண் பழுப்பு, அதன் அடிமுதுகு செம்பழுப்பு. செந்நிறம் வாலுக்கு மேலே இருந்தால் புதர்ச்சிட்டு, வாலுக்குக் கீழே இருந்தால் கருஞ்சிட்டு. இந்த ஒரு விதியை நினைவில் வைத்தாலே பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

இடமும் ஒரு துப்பு. மரம் அடர்ந்த தோட்டம் குண்டுகரிச்சானுக்கு. பாறை, முள்புதர், குட்டையான புல், இடிந்த சுவர் என்றால் கருஞ்சிட்டு. அடர்ந்த காடும், கொட்டும் மழை பெய்யும் மலைச்சரிவும் இதற்குப் பிடிக்காது. அதனால்தான் துரஹள்ளி, ராமநகரா, ஹெசரகட்டா மாதிரியான இடங்களில் எளிதாகக் கிடைக்கிறது.

ரயில் ஜன்னல் வழியாக ஒரு கணக்கு

புது டெல்லியிலிருந்து பெங்களூரு வரும் கர்நாடகா எக்ஸ்பிரஸில் ஏறுங்கள். ஒன்றரை நாளுக்கும் மேல் பயணம். ஆக்ரா, குவாலியர், ஜான்சி, போபால், புசாவல், சோலாப்பூர், கலபுரகி, ராய்ச்சூர், குண்டக்கல் என்று நாட்டின் நடுவே மேலிருந்து கீழாக ஒரு கோடு. இந்தக் கோட்டின் பெரும்பகுதி வறண்ட நிலம். அதாவது, கருஞ்சிட்டின் சொந்த ஊர்கள்.

ஒவ்வொரு ஸ்டேஷனிலும் இறங்கி ஓர் ஆண் பறவையின் முதுகைப் பார்க்க முடிந்தால் என்ன தெரியும்? டெல்லியில் தெளிவான பழுப்பு. தெற்கே வர வர பழுப்பின் பரப்பு சுருங்கும், கருமை கூடும். தக்காணத்தில் இரண்டுக்கும் நடுவிலான பறவைகள். பெங்களூரு வந்து இறங்கினால் முழுக் கறுப்பு. அங்கிருந்து ஓசூர், சேலம், மதுரை என்று இறங்கினாலும் அதே கறுப்பு. கடல் தாண்டி இலங்கைக்குப் போனால் இன்னும் பளபளப்பான கறுப்பு.

முக்கியமான விஷயம்: எந்த ஸ்டேஷனில் நிறம் மாறியது என்று கேட்டால் பதில் இல்லை. இந்த ஸ்டேஷன் வரை பழுப்பு, அடுத்த ஸ்டேஷன் முதல் கறுப்பு என்று போர்டு எதுவும் கிடையாது. மெல்ல மெல்ல மாறும் இப்படிப்பட்ட தொடர்ச்சிக்கு உயிரியலில் 'க்ளைன்' என்று பெயர். பிரிட்டன் உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1938இல் உருவாக்கிய சொல் இது.

ஆனாலும் அறிவியலுக்குப் பெயர்கள் வேண்டுமே? அதனால் இந்தத் தொடர்ச்சியை ஐந்து துணையினங்களாகப் பிரித்திருக்கிறார்கள்:

• ஃபுலிகேட்டஸ்: தென்னிந்தியா. கறுப்பு முதுகு. நீங்கள் ஹெசரகட்டாவில் பார்த்தது இதுதான்.

• லியூகாப்டெரஸ்: இலங்கை. பளபளக்கும் கறுப்பு. பெயரின் பொருள் 'வெள்ளை இறக்கை'.

• இன்டர்மீடியஸ்: மத்திய இந்தியா. இரண்டுக்கும் நடுவிலான நிறம். பெயரே 'நடுவில் உள்ளது' என்றுதான் சொல்கிறது.

• கேம்பையென்சிஸ்: மேற்கு, வட இந்தியா. பழுப்பு முதுகு. குஜராத்தின் கம்பாத்தை நினைவூட்டும் பெயர்.

• எரித்ருரஸ்: வட இந்தியாவின் கிழக்குப் பக்கம். இதுவும் பழுப்பு முதுகுக் கூட்டத்தைச் சேர்ந்தது. பெயரின் பொருள் 'சிவப்பு வால்'.

பிலிப்பைன்ஸ் என்று நினைத்தார்கள், பாண்டிச்சேரி என்று தெரிந்தது

இந்தப் பறவைக்குப் பெயர் வைத்த கதையே ஒரு டேட்டா பிழையில்தான் தொடங்குகிறது.

1760இல் பிரெஞ்சு விலங்கியலாளர் மாதுரின் பிரிசோன் தன் பறவை நூலில் இதை விவரித்தார். அவர் கையில் இருந்த பதப்படுத்திய பறவை பிலிப்பைன்ஸிலிருந்து வந்தது என்று நம்பி, அப்படியே எழுதினார். 1766இல் கார்ல் லின்னேயஸ், பிரிசோன் எழுதியதை அடிப்படையாக வைத்து, 'மோட்டசில்லா ஃபுலிகேட்டா' என்று அறிவியல் பெயர் சூட்டினார். நாமக்கோழி இனத்தைச் சேர்ந்த கறுப்பான நீர்ப்பறவை ஒன்றின் லத்தீன் பெயரிலிருந்து வந்த சொல் அது. கறுப்பாக இருக்கிறது என்பதுதான் பொருள்.

பிரச்சினை என்னவென்றால், பிலிப்பைன்ஸில் இந்தப் பறவையே கிடையாது. பிற்காலத்தில் இந்தப் பிழையைத் திருத்தி, மூல இடம் பாண்டிச்சேரி என்று அறிவித்தார்கள். ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டில் வீக்எண்ட் போகும்போது புதுச்சேரிப் பக்கம் ஒரு கருஞ்சிட்டைப் பார்த்தால், அது வெறும் பறவையில்லை. அறிவியல் கணக்குப்படி இந்த இனத்தின் அளவுகோல் அந்த ஊர்ப் பறவைதான்.

இதற்கு ஒரு பின்விளைவும் உண்டு. முதலில் பெயர் பெற்றது கறுப்பு முதுகுப் பறவை என்பதால், தென்னிந்தியத் துணையினம் இனத்தின் பெயரையே இரண்டு முறை தாங்கி நிற்கிறது: ஃபுலிகேட்டஸ் ஃபுலிகேட்டஸ். தெற்கத்திதான் 'ஒரிஜினல்', மற்றதெல்லாம் கிளை என்று இதற்குப் பொருள் இல்லை. முதலில் வந்தவருக்கு முதல் டோக்கன், அவ்வளவுதான். பாண்டிச்சேரிக்குப் பதிலாக டெல்லிப் பறவை ஒன்று முதலில் பாரிஸ் போய்ச் சேர்ந்திருந்தால் கதை தலைகீழாகியிருக்கும்.

ஒன்றா, இரண்டா? இருநூறு ஆண்டுக் குழப்பம்

டெல்லி நண்பருக்கு வந்த சந்தேகம் பழைய நிபுணர்களுக்கும் வந்தது. 1790இல் ஜான் லாதம் என்ற ஆங்கிலேயப் பறவையியலாளர், பழுப்பு முதுகுப் பறவைக்குத் தனி இனமாகவே பெயர் வைத்தார். ஒரு நூற்றாண்டுக்குப் பிறகும் அதே நிலைதான். பிரிட்டிஷ் இந்திய விலங்குகள் பற்றிய அதிகாரபூர்வ நூல் வரிசையில், யூஜின் ஓட்ஸ் எழுதிய 1890ஆம் ஆண்டுத் தொகுதியில் இரண்டு தனித்தனி இனங்கள் இருக்கின்றன: பழுப்பு முதுகு இந்திய ராபின், கறுப்பு முதுகு இந்திய ராபின்.

1924இல் அந்தத் தொகுதியின் இரண்டாம் பதிப்பை எழுதிய ஸ்டூவர்ட் பேக்கர் இரண்டையும் ஒரே இனமாக்கினார். பறவை மாறவில்லை. பார்வை மாறியது. இரண்டு மூலைகளிலிருந்து மட்டும் பறவைகளை எடுத்துப் பார்த்தால் இரண்டு இனம்போலத்தான் தெரியும். நடுப்பகுதியிலிருந்தும் பறவைகள் சேரச் சேர, நடுவே கோடு இல்லை என்பது புரிகிறது. 1932இல் ஹியூ விஸ்லர், நார்மன் கின்னியர் இருவரும் அந்த நடுப்பகுதிப் பறவைக்கு 'இன்டர்மீடியஸ்' என்று பெயர் வைத்தார்கள். விஸ்லர் பஞ்சாபில் போலீஸ் அதிகாரியாக இருந்தவர். கின்னியர் மும்பை இயற்கை வரலாற்றுக் கழகத்தில் பணியாற்றிவிட்டு லண்டன் அருங்காட்சியகத்துக்குப் போனவர்.

இத்தோடு முடிந்ததா என்றால், இல்லை. நெடுங்காலம் இந்தப் பறவை 'சாக்சிகோலாய்டிஸ்' என்ற பேரினத்தில் தன்னந்தனியாக இருந்தது. 2010 வாக்கில் வந்த மரபணு ஆய்வுகள், இது குண்டுகரிச்சான், ஷாமா பறவைகளின் குடும்பத்துக்குள்ளேயே அடங்குகிறது என்று காட்டின. இப்போது இதன் பெயர் காப்சைகஸ் ஃபுலிகேட்டஸ். அதாவது உங்கள் அபார்ட்மென்ட்டில் பாடும் குண்டுகரிச்சானும், ஊருக்கு வெளியே பாறையில் வாலாட்டும் கருஞ்சிட்டும் நெருங்கிய சொந்தக்காரர்கள்.

துணையினம் என்றால் சரியாக என்ன?

தமிழை வைத்தே புரிந்துகொள்ளலாம். கோவைக்காரர் பேசுவதும் நெல்லைக்காரர் பேசுவதும் யாழ்ப்பாணத்துக்காரர் பேசுவதும் வேறு வேறு. வாயைத் திறந்தாலே ஊர் தெரிந்துவிடும். ஆனால் எல்லாமே தமிழ்தான், ஒருவர் பேச்சு இன்னொருவருக்குப் புரியும். கோவையிலிருந்து நெல்லைக்கு நடந்தே போனால், எந்த ஊரில் கொங்குத் தமிழ் முடிந்தது என்று கையைக் காட்ட முடியாது. பறவைத் துணையினமும் ஏறக்குறைய இப்படித்தான். ஒரு பகுதியில் வாழ்ந்து இனப்பெருக்கம் செய்யும் கூட்டம், பார்த்தால் அடையாளம் தெரியும் அளவுக்கு வேறுபட்டது, ஆனால் பக்கத்துக் கூட்டத்தோடு தடையில்லாமல் கலக்கக்கூடியது.

"அடையாளம் தெரியும் அளவுக்கு" என்றால் எவ்வளவு? இங்கே எண்கள் வருகின்றன. அமெரிக்கப் பறவையியலாளர் டீன் அமடன் 1949இல் '75 சதவீத விதி' பற்றி எழுதினார். ஒரு கூட்டத்தின் பறவைகளில் குறைந்தது நான்கில் மூன்றையாவது பக்கத்துக் கூட்டத்திலிருந்து பிரித்துச் சொல்ல முடிய வேண்டும் என்பது அதன் சாரம். அப்படியானால் நான்கில் ஒன்று எந்தப் பெட்டியிலும் சரியாக உட்காராமல் போகலாம் என்பதும் அந்த விதிக்குள்ளேயே இருக்கிறது.

அதனால் டெல்லிப் பறவையையும் பெங்களூருப் பறவையையும் பிரிப்பது சுலபம். சோலாப்பூர்ப் பறவையை எந்தப் பெட்டியில் போடுவது என்பதில்தான் சண்டை. கோடு நாம் போட்டது, நிறத்தின் சாய்வு இயற்கை போட்டது. இந்த வித்தியாசத்தை மறக்காமல் இருந்தால் போதும்.

நிறம் எங்கிருந்து வருகிறது?

இறகின் கறுப்பும் பழுப்பும் மெலனின் என்ற நிறமியின் வேலை. நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவதும் அதுதான். அதில் இரண்டு வகை: யூமெலனின் கறுப்பைத் தரும், ஃபியோமெலனின் செம்பழுப்பைத் தரும். எது எவ்வளவு படிகிறது என்பதைப் பொறுத்து நிறம் அமையும். ஆண் மேல் வெயில் படும்போது தெரியும் நீலப் பளபளப்பு நிறமி இல்லை. இறகின் நுண்ணிய அடுக்குகளில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது.

சரி, தெற்கே ஏன் கறுப்பு? 1833இல் ஜெர்மானிய விலங்கியலாளர் கான்ஸ்டன்டின் க்ளோகர் ஒரு போக்கைக் கவனித்தார். ஈரப்பதம் அதிகமான பகுதிகளில் ஒரே இனத்தின் விலங்குகள் கருமையாகவும், வறண்ட பகுதிகளில் வெளிறியும் இருக்கின்றன. இதைக் க்ளோகர் விதி என்பார்கள். ராஜஸ்தான் பக்கத்துப் பழுப்பு முதுகும் இலங்கையின் பளபளக்கும் கறுப்பும் இந்த விதிக்கு அழகாகப் பொருந்துகின்றன.

ஆனால் ராமநாதபுரத்துக்கு வாருங்கள். கருவேலங்காடும் காய்ந்த கண்மாயுமாக இருக்கும் ஊரிலும் கருஞ்சிட்டு கன்னங்கரேல் என்றுதான் இருக்கிறது. மழை மட்டுமே காரணம் என்றால் அங்கே அது வெளிறியிருக்க வேண்டும். எனவே 'வெயில் அதிகம், அதான் கறுப்பு' என்று யாராவது ஒரே வரியில் முடித்தால் நம்பாதீர்கள். தட்பவெப்பம், வம்சாவளி, பெண் பறவையின் விருப்பம் என்று பல விஷயங்கள் சேர்ந்துதான் ஒரு பறவையின் நிறத்தைத் தீர்மானிக்கும்.

கருஞ்சிட்டு மட்டும் இப்படி இல்லை. பாகிஸ்தானிலிருந்து இந்தோனேசியா வரை பரவியிருக்கும் குண்டுகரிச்சானுக்கு நம் ஊரில் வயிறு வெள்ளை. போர்னியோ தீவின் வடக்கிலும் கிழக்கிலும் அதே இனத்துக்கு வயிறு கறுப்பு. வங்கதேசத்தின் தேசியப் பறவையான அதை போர்னியோவில் பார்த்தால், வங்கதேசத்துக்காரருக்கே அடையாளம் தெரியாமல் போகலாம்.

முதுகைப் பார்த்து ஏமாறும் இடங்கள்

நீங்களே படம் எடுத்து வட, தென் பறவைகளை ஒப்பிடப் போகிறீர்கள் என்றால், இந்த நாலு விஷயத்தில் கவனம் வேண்டும்.

• பெண்ணை வடக்கத்தி ஆண் என்று நினைப்பது. பெங்களூருவில் பழுப்பாக ஒன்று தெரிந்தால் அது பெரும்பாலும் பெண். வடக்கத்தி ஆணுக்கு முதுகு பழுப்பானாலும் நெஞ்சும் வயிறும் கறுப்பு, தோளில் வெள்ளை. பெண்ணுக்கு நெஞ்சும் பழுப்புதான், வெள்ளை இல்லை.

• இளம் பறவை. ஏறக்குறையப் பெண்ணைப் போலவே இருக்கும், தொண்டையில் புள்ளி புள்ளியாகத் தெரியும்.

• தேய்ந்த இறகு. ஆண்டு முழுக்க வெயிலிலும் புதரிலும் உரசிய இறகு வெளிறிப் பழுப்படிக்கும். நாலு வருஷம் துவைத்த கறுப்புச் சட்டை மாதிரி.

• உங்கள் போன். வானத்தைப் பின்னணியாக வைத்து எடுத்தால் எந்தப் பறவையும் கறுப்பாகத்தான் விழும். எக்ஸ்போஷரைக் கூட்டிப் போனாலே பழுப்புக்கும் வெளிறல் வந்துவிடும். சூரியனை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு எடுத்த படம்தான் நம்பகமானது.

சரி, இதனால என்ன பிரச்சினை?

கருஞ்சிட்டு அழிவின் விளிம்பில் இல்லை. ஐயுசிஎன் பட்டியலில் இது 'கவலை குறைந்த' இனம். ஆனால் அந்தச் சான்றிதழ் கராச்சி முதல் கொழும்பு வரை உள்ள ஒட்டுமொத்த இனத்துக்குக் கொடுத்தது. இங்கேதான் சிக்கல்.

டேட்டாவோடு வேலை செய்பவர்களுக்கு இது தெரிந்த விஷயம்தான். சராசரி எப்போதும் எதையாவது மறைக்கும். மாநிலத்தின் சராசரி வருமானத்தை வைத்து ஒரு கிராமத்தின் நிலையைச் சொல்ல முடியாது. அதேபோல, ஒரு பகுதியின் கருஞ்சிட்டுகள் குறைந்து, இன்னொரு பகுதியில் நிலையாக இருந்தால், இனம் என்ற ஒற்றை வரிசையில் அது தெரியவே தெரியாது. எச்சரிக்கை மணி அடிக்காது.

கோடு எங்கே போடுகிறோம் என்பது எவ்வளவு முக்கியம் என்பதற்குப் பிலிப்பைன்ஸே உதாரணம். அங்கே உண்மையிலேயே இருக்கும் கரிச்சான் பறவையை நெடுங்காலம் ஆசியக் குண்டுகரிச்சானின் துணையினமாகத்தான் வைத்திருந்தார்கள். இப்போது அது தனி இனம். பறவை அதேதான். ஆனால் தனிப் பெயர் கிடைத்ததும் அதன் எண்ணிக்கையை, நிலையைத் தனியாக மதிப்பிடுகிறார்கள்.

அடுத்தது நிலம். கருஞ்சிட்டு வாழும் முள்புதர், பாறைக்காடு, புல்வெளி இவற்றை அரசு ஆவணங்களில் என்ன பெயரில் தேடுவீர்கள்? 'தரிசு'. மத்திய அரசின் தரிசு நில வரைபடத் தொகுப்பில் அடர்ந்த புதர் நிலம், திறந்த புதர் நிலம், பாறை நிலம் எல்லாமே வகைகளாக இருக்கின்றன. 2019இல் வந்த பதிப்பின்படி நாட்டில் தரிசு என்று கணக்கிட்ட நிலம் சுமார் 5.57 கோடி ஹெக்டேர், அதாவது மொத்த நிலப்பரப்பில் ஏறக்குறைய 17 சதவீதம்.

'புறம்போக்கு' என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளுங்கள். வரி விதிப்புக் கணக்குக்கு வெளியே நிற்கும் நிலம் என்பதுதான் அதன் வருவாய்த்துறைப் பொருள். இன்று அது வசவுச் சொல். வரி தராத நிலம் உபயோகமில்லாத நிலம் என்று ஆகி, உபயோகமில்லாத நிலத்தில் எதை வேண்டுமானாலும் செய்யலாம் என்று ஆகிவிட்டது. லேஅவுட் போடலாம், குப்பை கொட்டலாம், சோலார் பேனல் பரப்பலாம். நல்ல எண்ணத்தில் மரக்கன்றும் நடலாம். ஆனால் கருஞ்சிட்டுக்குத் தோப்பு வேண்டாம். திறந்த தரையும் உட்கார நாலு பாறையும்தான் வேண்டும். நாம் 'பசுமை' ஆக்கியதாக நினைக்கும் இடத்தில் அது வீட்டை இழக்கும்.

இந்தத் திறந்த வறண்ட நிலங்களை எம்.டி. மதுசூதன், அபி வனக் என்ற இரு ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு வரைபடமாக்கினார்கள். அவை இந்திய நிலப்பரப்பில் சுமார் 10 சதவீதம் என்றும், அதில் 5 சதவீதத்துக்கும் குறைவான பகுதிதான் பாதுகாக்கப்பட்ட எல்லைக்குள் வருகிறது என்றும் கண்டறிந்தார்கள். 2023இல் வெளியான இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கையும் புல்வெளி போன்ற திறந்தவெளிகளை நம்பியிருக்கும் பறவைகள் வேகமாகக் குறைந்துவருவதாகச் சொல்கிறது. 30,000க்கும் மேற்பட்ட பறவை ஆர்வலர்கள் பதிவு செய்த சுமார் 3 கோடித் தரவுகளிலிருந்து 942 இனங்களை ஆராய்ந்த அறிக்கை அது.

பெங்களூருவைப் பொறுத்தவரை ஒரு நல்ல செய்தி உண்டு. நகரத்தைச் சுற்றி மிஞ்சியிருக்கும் பெரிய புல்வெளியான ஹெசரகட்டாவில் 5,600 ஏக்கருக்கும் மேற்பட்ட நிலத்தைப் பாதுகாப்புக் காப்பகமாக அறிவிக்க, கர்நாடக மாநில வனவிலங்கு வாரியம் 2024இல் ஒப்புதல் கொடுத்தது. அதே வாரியம் முன்பு நிராகரித்த யோசனை அது. பல ஆண்டுகள் ஆர்வலர்கள் விடாமல் கேட்டதற்குக் கிடைத்த பலன்.

நீங்கள் என்ன செய்யலாம்?

பெரிய தியாகம் எதுவும் வேண்டாம். போன் போதும்.

• இ-பேர்ட் செயலியில் பதிவு செய்யுங்கள். இலவசம்தான். அமெரிக்காவின் கார்னெல் பறவையியல் ஆய்வகம் நடத்துவது. இந்தியாவில் பேர்ட் கவுன்ட் இந்தியா என்ற கூட்டமைப்பு இதை ஒருங்கிணைக்கிறது. மேலே சொன்ன அறிக்கைக்கான தரவும் இதிலிருந்து வந்ததுதான்.

• கருஞ்சிட்டைப் பதிவு செய்யும்போது, குறிப்புப் பகுதியில் ஒரு வரி சேருங்கள்: "ஆண், முதுகு முழுக் கறுப்பு" அல்லது "முதுகில் பழுப்பு". இனத்தின் பெயரை மட்டும் தட்டிவிட்டுப் போனால் முதுகின் நிறம் தரவில் பதிவாகாது. ஒரு படமும் சேர்த்தால் இன்னும் நல்லது.

• கலபுரகி, ராய்ச்சூர், கர்னூல், ஹைதராபாத் பக்கம் வேலையாகப் போகிறவர்களா? உங்கள் படம்தான் அதிக மதிப்புள்ளது. பழுப்பும் கறுப்பும் சந்திக்கும் நடுப்பகுதி அந்தப் பக்கம்தான்.

• பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போது பொங்கல் பறவைகள் கணக்கெடுப்பில் சேருங்கள். 2015 முதல் தமிழ்நாட்டில் நடக்கிறது. பிப்ரவரி நடுவில் நாலு நாள், உலகம் முழுக்க நடக்கும் கொல்லைப்புறப் பறவைகள் கணக்கெடுப்பும் உண்டு. கால் மணி நேரம் ஒரு இடத்தில் நின்று எண்ணினாலே போதும்.

• கூட்டைக் கண்டால் தள்ளி நில்லுங்கள். பாறை இடுக்கு, சுவர் ஓட்டை, மண்சரிவு ஆகியவற்றில்தான் கட்டும். மயிர், சில சமயம் பாம்புச் சட்டைத் துண்டுகூட உள்ளே இருக்கும். அடைகாப்பது பெண் மட்டும். நீங்கள் படம் எடுக்கும் நேரம் முழுக்க அது வெளியே காத்திருக்கும்.

இன்னொரு சின்ன எச்சரிக்கை: இனப்பெருக்கக் காலத்தில் ஆண் தன் எல்லைக்குள் வேறு ஆணை விடாது. கண்ணாடியில் தெரியும் தன் உருவத்தையே எதிரி என்று நினைத்துக் கொத்தும். பைக்கை நிறுத்தும்போது ரியர்வியூ மிரரைக் கொஞ்சம் மடக்கி விடுங்கள். அதற்குத் தெம்பு மிச்சம், உங்களுக்குக் கண்ணாடி துடைக்கும் வேலை மிச்சம்.

கடைசியாக அந்த டெல்லி நண்பருக்கு என்ன பதில் போடுவது? 'கருஞ்சிட்டு' என்ற பெயரே தெற்கிலிருந்து பார்த்து வைத்தது என்று சொல்லலாம். கரும் என்பது நம் ஊர் ஆணுக்குத்தான் முழுசாகப் பொருந்தும். அவர் ஊர் ஆணுக்குப் பாதி பொருந்தும், எந்த ஊர்ப் பெண்ணுக்கும் பொருந்தாது. அடுத்த முறை அவர் கர்நாடகா எக்ஸ்பிரஸில் வந்தால், வழியில் ரயில் நிற்கும் இடங்களில் தண்டவாளத்து ஓரக் கற்களில் வாலைத் தூக்கிக்கொண்டு ஏதாவது நிற்கிறதா என்று பார்க்கச் சொல்லுங்கள். படம் எடுத்தால், எந்த ஊர் என்பதையும் மறக்காமல் எழுதச் சொல்லுங்கள்.